அட்மினின் நெஞ்சுப் படபடப்பு

மனித மூளை படைப்பின் உச்சம். வானத்தை அளந்ததும் அணுவைப் பிளந்ததும் அதுதான். அழகரின் மூளை மட்டும் மூன்று வருடமாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது: போன் அதிர்ந்ததா, இல்லையா?

நமுனுகுல மலையடியில் அவர் வசிக்கும் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஒரு மண்சரிவு எச்சரிக்கை வாட்ஸ்அப் குழு உண்டு. தொடங்கியவர் அழகர், அட்மின் அழகர், முகப்புப் படத்தில் கோட் போட்டு நிற்பவரும் அழகர். வேறு யாராவது முந்திக்கொண்டு செய்தி போட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. தூக்கம் எப்போதோ போய்விட்டது. வெறும் மேசையில் கைவைத்தாலும் விரல் தன்பாட்டில் மேலே தள்ளும்.

மூன்று நாளாக மழை. காலை பத்து மணிக்கு, மொனராகலைப் பக்கத்துக் குழு ஒன்றிலிருந்து படம் வந்தது. ஈரச் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. 'மலை பிளக்கிறது! உடனே பகிரவும்!'

அழகருக்கு நெஞ்சு படபடத்தது. சரிவுக்கு நேர் கீழேதான் புள்ளக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். அவர் மகள் விதுஷாவும் அங்கேதான். எந்த மலை என்று கேட்க ஒரு அழைப்புப் போதும். ஆனால் அதற்குள், எப்போதும் முந்தப் பார்க்கும் மேல் டிவிஷன் சுரேஸ் குழுவில் போட்டுவிட்டால்?

அழகரே முந்திப் படத்தைப் போட்டார். 'நம்ம மலைதான். இப்படிக்கு அட்மின்.'

மீரியபெத்தவில் மண்சரிவு லயங்களை ஆளோடு விழுங்கிய பிறகு இங்கே யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. ஐந்தே நிமிடத்தில் மலை முழுக்க ஓலம். அழகரின் மனைவி ஜீவராணி கொழுந்தைப் போட்டுவிட்டு ஓடினாள், வழுக்கி விழுந்தாள், முழங்காலில் இரத்தத்தோடு எழுந்து விதுஷாவை வாரிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறினாள். அழகரும் ஏறினார், கண் போனில்.

மேட்டில் எல்லோரும் நனைந்தபடி மலையைப் பார்த்து நின்றார்கள். அது அசையவில்லை.

"எந்தப் பக்கங்க வெடிச்சிருக்கு?" என்றாள் புள்ளக்காம்பரா ஆயா தனலெட்சுமி.

"எழுவத்தாறு பேரு பாத்துட்டாங்க," என்றார் அழகர்.

"மலையக் கேட்டா ஆளெண்ணிக்கை சொல்றீங்களே!"

விதுஷாவின் நடுக்கம் நிற்கவில்லை. ஜீவராணி போனைப் பிடுங்கி, படத்தைப் பெரிதாக்கினாள். சுவரோரம் பிடி உடைந்த நீல வாளி.

"ஏங்க," என்றாள், "இது நம்ம வாளியில்ல?"

அது அவர்கள் வீட்டுக் கக்கூஸ் சுவர். போன மாதம், தோட்ட நிர்வாகத்திடம் திருத்தித் தரச் சொல்லி அழகரே படமெடுத்து முகநூலில் போட்டிருந்தார்.