இருவர் தலையாட்டிய சத்தம்

1

இது ஒரு மெக்கானிக் சொல்லக் கேட்டு எழுதுகிற கதை. (இந்த வாக்கியத்தில் ஒரு பொய் இருக்கிறது. மூன்றாம் பகுதியில் ஒத்துக்கொள்கிறேன். இப்போதே சொன்னால் எழுத வராது.)

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி…" அடித்துவிட்டேன். அந்தப் பட்டறைக்குள் வெயில் தகர ஓட்டை வழியாகத்தான் வரும்.

"எஞ்சின் என்பது இரும்பாலான இதயம்…" நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவனுக்கு இப்படியெல்லாம் எழுத ஆசை வரும். வேண்டாம்.

மூன்றாவது: தன் காது போய்விட்டது என்று மெக்கானிக்குத் தோன்றியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு.

இது நிற்கும்.

2

அன்று அவருடைய தங்கை புருஷன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சொந்த வண்டி, இருபத்திரண்டு வருஷப் பழசு.

"மச்சான், நாலு நாளா எஞ்சின்ல டிக் டிக்குனு ஒரு சத்தம். குழாய் சொட்டுற மாதிரி."

"குழாய் சொட்டினா வாஷர் மாத்தலாம். எஞ்சின ஓடவிடுங்க மாப்ள."

மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தினார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பது போலத்தான். சத்தம் எங்கே அழுத்தமாக விழுகிறதோ அங்கேதான் நோய். முப்பது வருஷமாக அவருக்குச் சோறு போடுவது இந்தக் காதுதான்.

எஞ்சின் ஓடுவது கேட்டது. டிக் டிக் மட்டும் கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்தார். இல்லை. 'மூணு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புறீங்க' என்று வீட்டில் மனைவி சொல்லிக்கொண்டிருப்பது அப்போது நினைவுக்கு வந்தது.

"தெரியுதா மச்சான்?"

தங்கை புருஷன் வேலை மெனக்கெட்டு வந்து நிற்கிறார். அவரைப் பொய்யராக்க முடியுமா? தன் காதைச் செவிடு என்று ஒத்துக்கொள்ளத்தான் முடியுமா? மெக்கானிக் தலையாட்டினார்.

"டாப்பெட்டுதான்."

தங்கை புருஷனும் தலையாட்டினார்.

வால்வைத் தட்டுகிற அந்த டாப்பெட்டின் இடைவெளியைச் சூடு ஆறுமுன் சரிசெய்து அனுப்பினார். மறுநாள் வண்டி திரும்பி வந்தது. காலையில் மறுபடி அதே சத்தமாம். மறுபடி ஸ்க்ரூ டிரைவர், மறுபடி ஒன்றுமில்லை, மறுபடி இரண்டு தலையாட்டல். இந்த முறை டீசல் பம்பை, எஞ்சின் ஆறுவதற்குள், கழற்றி மாட்டினார்.

மதியம் சாப்பிடும்போது மனைவியிடம், "கடை போர்ட எறக்கிடலாம்னு பாக்குறேன்" என்றார்.

"போர்டு என்ன பண்ணுச்சு?"

அவர் ரசத்துக்குக் கை நீட்டினார்.*

* காது விஷயத்தை எப்படிச் சொல்வார்? அவளுக்குச் சொன்னால் தங்கைக்குத் தெரியும். தங்கைக்குத் தெரிந்தால் மாப்பிள்ளைக்குத் தெரியும். பிறகு எஞ்சின் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

3

அந்த லாரியில் இன்னொரு ஆள் இருந்தான். சுமை ஏற்றி இறக்குகிறவன். அவனைக் கதையில் வைப்பதா என்று வெகுநேரம் யோசித்து, வேண்டாமென்று எடுத்துவிட்டேன். கதை லேசாகிவிட்டது. ஆனால் எந்த மூட்டை குறைகிறது என்று தூக்கிப் பழகியவனுக்குத் தெரியாமல் போகுமா?

அந்த ஆள் நான்தான். பாதிக் கதை கேட்டதல்ல, பார்த்தது.

காலையில் சாவி போட்டதும் டிக் டிக் கிளம்பும். வீட்டிலிருந்து பட்டறைக்கு முக்கால் மணி ஓட்டம். பாதி வழியில் சத்தம் நின்றுவிடும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியும். பட்டறையில் அவர்கள் தலையாட்டியபோது எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் ஆட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறவன் வாயைப் பொத்திக்கொண்டு இருப்போம் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது.)

4

மூன்றாம் நாள் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"மாப்ள, எனக்கு அந்தச் சத்தம் கேக்கல. மொத நாள்லேர்ந்தே கேக்கல."

தங்கை புருஷன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இங்க வந்தா எனக்கும் கேக்கல மச்சான்."

"அப்புறம் எதுக்குத் தலைய ஆட்டுனீங்க?"

"நீங்க ஆட்டுனீங்க. உங்க காது கெட்டிக்காரக் காது, நமக்குப் பத்தலன்னு நெனச்சேன்."

"நல்லா மரியாதை குடுத்தோம் போங்க."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "வண்டி சூடானா நின்னுடுதுங்க."

இருவரும் திரும்பினார்கள். "இத ஏன்யா இத்தனை நாள் முழுங்கி வெச்சிருந்த?" என்றார் மெக்கானிக்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தீங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. டார்ச்சை எடுத்துக் குனிந்தார். புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் மூன்றாவது மூட்டில் மை தீற்றின மாதிரி கரி. அந்தச் சந்து வழியாகத்தான் புகை டிக் டிக்கென்று துப்புகிறது. இரும்பு சூடேறி விரிந்ததும் சந்து அடைத்துக்கொள்கிறது. மூட்டுக்குள் வைக்கிற கேஸ்கெட் தகட்டை மாற்றினால் தீர்ந்தது. அரை நாள் வேலை.

தங்கை புருஷனுக்கு உயிர் வந்தது. மெக்கானிக் மட்டும் ஸ்பேனரை எடுக்கவில்லை.

"ஆறட்டும். ஆறினப்புறம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்க."

"அதான் கண்டுபிடிச்சிட்டீங்களே மச்சான்?"

"கண்ணு கண்டுபிடிச்சுது."

5

முடிவு ஒன்று: எஞ்சின் ஆறியது. சத்தம் அவர் காதில் விழுந்தது. முகம் மலர்ந்தது. இது எல்லோருக்கும் பிடிக்கும்.

முடிவு இரண்டு: விழவில்லை. போர்டை இறக்கினார். இதற்குப் பரிசு கிடைக்கலாம்.

நடந்தது: சாயங்காலம் சாவி போட்டதும் டிக் டிக் துல்லியமாகக் கிளம்பியது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு, தங்கை புருஷனுக்குத் தெரியாமல் என் தோளில் கைபோட்டு, "எனக்கு" என்று தொடங்கி ஒரே ஒரு வரி சொன்னார்.

அந்த வரியை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தேன். அவர் பட்டறை இன்றும் திறந்திருக்கிறது. நேற்று வாசலில் இரண்டு லாரிகள் நின்றன. அந்த வண்டிக்காரர்கள் இதைப் படிக்கக்கூடும். சொல்ல வேண்டிய இடத்தில் வாயைப் பொத்தினவன் நான். இது சொல்லக் கூடாத இடம்.

"எனக்கு…"

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மனுஷன் வயிற்றில் அடிக்காமல் எழுதுங்கள்.