மகிழம்பூ என்று நினைத்து ஏற்றியது

நூல் போல எழுந்து, உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே வந்ததும் எதையோ மறந்துவிட்டு வந்தது மாதிரி வளைந்து, அப்படியே கலைந்துபோகிற புகை, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், புகை வருகிறது, வாசனை வரவில்லை, எந்தப் பத்தியை ஏற்றினேன் என்பதுகூட எனக்குத் தெரியாது, கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் நாற்பத்தோரு வருஷமாக ஊதுபத்தி விற்கிறவன், மூக்குக்காரர் என்று பேர் எடுத்தவன், மார்கழி ஜுரத்தில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்து எழுந்தபோது பசி திரும்பி வந்தது, நடை திரும்பி வந்தது, மூக்கு மட்டும் வரவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டி தையல்நாயகியிடம்கூடச் சொல்லவில்லை, முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு அலுப்பாக இருந்தது, நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று பங்குனி வந்துவிட்டது.

கடையில் ஒருமாதிரி ஓட்டிவிடலாம், பெட்டிமேல் பேர் எழுதியிருக்கிறது, எழுதாததற்கு வாய் இருக்கிறது, வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று நான் கேட்பதில்லை, உங்க வீட்ல எது ஆகாது என்றுதான் கேட்பேன், சாவு விழுந்த அன்று தலைமாட்டில் எந்தப் பத்தியைக் கொளுத்தினார்களோ அது அப்புறம் அந்த வீட்டுக்கு ஆகாது, ஒரு வீட்டில் மல்லிகை ஏற்ற மாட்டார்கள், இன்னொரு வீட்டில் சந்தனமே ஏற்ற மாட்டார்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் மற்றதெல்லாம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குத் துளசி, தூக்கம் வராதவருக்கு வெட்டிவேர், பெண் பார்க்க வருகிறார்களா, மல்லிகை வேண்டாம், பெண்ணைத் தள்ளிவிட அவசரப்படுகிற மாதிரி இருக்கும், சந்தனம் வையுங்கள், தாழம்பூவை மட்டும் யோசித்துத்தான் கொடுப்பேன், பஜனை மடத்தில் ஒருதரம் தாழம்பூ ஏற்றப்போய் ஒரு நல்லபாம்பு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டது, மங்களம் பாடி முடிக்கிறவரை இருந்தது, சுண்டல் மட்டும் வாங்கவில்லை, என் கண்ணால் பார்த்தேன், பாகம் பிரித்து நடுவே சுவர் எழுப்பிப் பதினோரு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி, அண்ணனிடம் சாம்பிராணிப் பத்தி கொடுத்து அனுப்பினேன், புகை சுவரேறிக் குதித்தது, அந்தப் பக்கம் தம்பி தும்மினான், சின்ன வயசுப் பழக்கத்தில் இந்தப் பக்கமிருந்து அண்ணன் நூறு வயசு என்று சொல்லிவிட்டான், மறுநாள் சுவரை இடிக்கக் கொத்தனார் வந்தான், கொத்தனாரும் தும்மினான், இதைச் சொன்னால் கடையே சிரிக்கும், இப்போது எனக்கே சொல்லிக்கொள்ளும்போது அலுப்பாக இருக்கிறது.

வீட்டில் பத்திக்கு வேறு வேலை, நானும் தையலும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதே கிடையாது, சண்டை வந்தால் சாயங்காலம் நான் மகிழம்பூப் பத்தி ஒன்று ஏற்றுவேன், அவள் அடுப்படியில் இருந்தபடியே வெளக்கேத்தியாச்சா என்று கேட்பாள், அவ்வளவுதான், சண்டை முடிந்தது, முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை மகிழம்பூ எரிந்திருக்கும், இந்த வீட்டுக்கு ஆகாதது ரோஜா, அவள் தம்பி கலியபெருமாளை இருபத்தாறு வயசில் லாரி அடித்துத் தூக்கி வந்தபோது அவன் தலைமாட்டில் ஒரு கட்டு ரோஜாப் பத்தி, நான்தான் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடினேன், கைக்கு வந்ததை எடுத்தேன், அன்றிலிருந்து அவள் தலையில்கூட ரோஜா வைத்ததில்லை, இதெல்லாம் தெரிந்த கைதான் இந்தப் பங்குனியில் சண்டை வந்த அன்றைக்கும் பத்தியை எடுத்தது, அன்று மத்தியானம் மொச்சைக் குழம்பு, அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருக்க நானே மூன்று தடவை எடுத்து ஊற்றிக்கொண்டேன், பிரமாதம் தையலு என்றேன், அவள் எனக்கப்புறம் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள், வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள், நேத்து வெச்ச கொழம்பு, ஊசிப்போயி நாத்தம் கொடலைப் புடுங்குது, இதையா பிரமாதம்னீங்க, இத்தன வருசம் ஆக்கிப் போட்டவளை இப்புடியா கிண்டல் பண்ணுவீங்க என்றாள், அப்போதாவது சொல்லியிருக்கலாம், நான் என்ன செய்தேன், வழக்கம்போல் சாயங்காலத்துக்குக் காத்திருந்தேன், கடையிலிருந்து உதிரியாகக் கொண்டுவந்து பேப்பரில் சுற்றி வைத்த பத்திகள் அலமாரியில் கிடந்தன, எல்லாம் ஒரே கறுப்பு, முன்பெல்லாம் மூக்கு பிரித்துச் சொல்லிவிடும், வீட்டுக்குக் கொண்டுபோகும்போது ரோஜா கலக்காமல் பார்த்துக்கொள்வதும் அதே மூக்குதான், மேல் பொட்டலம்தான் மகிழம்பூ என்று கை சொன்னது, ஏற்றிவிட்டு வெளக்கேத்தியாச்சா என்ற குரலுக்காகக் காத்திருக்கிறேன், குரல் வரவில்லை, அவளே வந்து அடுப்படி வாசலில் நிற்கிறாள், முகத்தில் ரத்தமே இல்லை, இதுலயுமா வெளையாட்டு என்கிறாள், எதுல என்கிறேன் நான், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன், அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது, நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு மாயவரம் பஸ் ஏறிவிட்டாள், தங்கை ஞானாம்பாள் வீட்டுக்கு.

மறுநாள் அந்தப் பொட்டலத்தைக் கடைக்கு எதிரே பூக்கட்டும் அஞ்சலையிடம் நீட்டி, இது என்னன்னு சொல்லு பாப்பம் என்றேன், ரோசு, இது தெரியாதா, என்னையவே சோதிக்கிறீங்களா மூக்குக்காரரே என்று சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்துவிட்டுக் கடையைப் பூட்டினேன், போன் போட்டால் ஞானாம்பாள் எடுக்கிறாள், அக்கா தூங்குது அத்தான் என்கிறாள், பகல் பதினோரு மணிக்கு, இப்படிப் பத்தொன்பது நாள், வீட்டில் நானும் புகையும், கலியபெருமாள் சில நாள் கனவில் வந்து கடை வாசலில் நிற்கிறான், என்ன மாப்பிள வேணும் என்கிறேன், எனக்கு எது ஆகாதுன்னு கேக்கலியே மாமா என்கிறான், விழித்துப் பார்த்தால் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், குத்தாலம் தாண்டிவிட்டது, சொல்லிவிட வேண்டும், நம்பாவிட்டால் அவள் திரும்பி வரப்போவதில்லை, அது எனக்குத் தெரியும்.

வாங்க அத்தான், வழி தெரிஞ்சுதா என்று கதவைத் திறக்கிறாள் ஞானாம்பாள், தையலு என்னைப் பார்த்ததும் உள்ளே போகிறாள், அடுப்பில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்கிறது, எவ்வளவு கோபம் இருந்தாலும் காப்பி உண்டு, பாலை வைத்துவிட்டு வந்து நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறாள், எனக்கு மூக்கு போயிடுச்சு தையலு, மார்கழியிலேருந்து எந்த வாசனையும் தெரியல, அது ரோஜான்னே எனக்குத் தெரியாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், எங்க போச்சு, காசிக்கா, அந்த நல்லபாம்பையும் கூட்டிக்கிட்டுப் போச்சா என்கிறாள், ஞானாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், சத்தியமா என்றேன், பாம்புக்கும் சத்தியந்தான் பண்ணுனீங்க என்கிறாள் தையலு, பொய்யை எத்தனையோ விதமாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு நிஜத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, வெறுமனே சொல்லிக்கொண்டே போகிறேன், சோப்பு தெரியல, மழை பேஞ்சா மண்ணு தெரியல, ஒன் தலகாணியை எடுத்து மூஞ்சில வெச்சுப் பாத்தேன், பஞ்சு மாதிரி இருந்துச்சு, வேற ஒண்ணுமில்ல, கடையில ஆளுக்கு ஒரு கதை சொல்லி அனுப்பிக்கிட்டிருக்கேன், அலுத்துப்போச்சு தையலு, இதற்கு நடுவில் ஞானாம்பாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சட்டென்று எழுந்தாள், தையலு எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த கையை விடாமல் என் முகத்தையே பார்க்கிறாள், ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கிறாளே, அதுவே போதும் என்று மேலே மேலே சொல்கிறேன், அப்போதுதான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு புகை மெல்லத் திரும்பிக் கூடத்துக்கு வருவது தெரிகிறது, பூஜை ரூம்ல பத்தி ஏத்தியிருக்கீங்களா, என்ன பத்தி அது என்று கேட்டேன், பாசாங்கு இல்லாமல் இந்தக் கேள்வியை என் ஆயுசில் நான் யாரிடமும் கேட்டதில்லை.

தையலு தங்கையின் கையை விட்டுவிட்டாள், ஞானாம்பாள் ஐயய்யோ என்று உள்ளே ஓடுகிறாள், பாலுங்க, அடிப்புடிச்சுத் தீஞ்சுபோச்சு, வீடே நாறுது என்றாள் தையலு, அப்ப அன்னிக்கு அந்த மொச்சக் கொழம்பு என்றாள், நெசமாவே நல்லாருந்துச்சு என்றேன், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம், புகை எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேல் ஜன்னலைத் தேடிக்கொண்டிருக்கிறது, முந்தானையை எடுத்து என் முகத்துக்கு முன்னால் விசிறிவிடுகிறாள், இரண்டு தரம் விசிறியவள் என்ன நினைத்தாளோ நிறுத்திவிட்டாள், ஒங்களுக்குத்தான் தெரியலையே, எனக்கு விசிறுங்க என்கிறாள், தோளிலிருந்த துண்டை எடுத்து விசிறுகிறேன்.