முதல் தடவையே பதினான்கு

என் அறைக் கதவின் மேல்பாதி கண்ணாடி. அதற்கு ஒரு திரை போடச் சொல்லி மருத்துவமனை அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். காற்றில் பறக்கவிட்டார்கள். உளவியல் சோதனை என்றால் ஏதோ புதிர்ப்போட்டி என்று நினைப்பு.

அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் கிரேன் ஓட்டுநர். வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். நான்கு மாதத்துக்கு முன் நடந்த முதல் சோதனையில், பதினைந்து சொற்களில் நான்கைத் தாண்டவில்லை. இன்று நான் 'தகுதியானவர்' என்று எழுதினால் திங்கட்கிழமை கிரேன் ஏறுவார். இல்லாவிட்டால் வேலை போய்விடும். கம்பெனி கொடுத்த தவணை அவ்வளவுதான்.

"பதினஞ்சு வார்த்தை சொல்வேன். முடிச்சதும் ஞாபகம் இருக்கறத திருப்பிச் சொல்லுங்க. வரிசை முக்கியமில்ல."

வாசித்து முடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சாவி, பாலம், குருவி..." என்று கடகடவென ஒப்பித்தார். பதினான்கு சொற்கள், அதே வரிசையில்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வேலையில் நல்ல சேதி எழுதும் நாள் அபூர்வம். '14' என்று எழுதிய பிறகுதான் கை நின்றது. அடிபடாத தலைக்கே முதல் வாசிப்பில் ஆறோ ஏழோதான் வரும். திரும்பத் திரும்ப வாசித்த பிறகுதான் பன்னிரண்டைத் தொடும். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி. அவர் விட்டுவிட்ட கடைசிச் சொல்லை அவள் உதடுகள் சொல்லிக்கொண்டிருந்தன. குடை, குடை, குடை.

தப்பு என்னுடையது. முதல் சோதனையன்று அவர் பயந்து நடுங்கினார் என்று இரக்கப்பட்டு மனைவியை உள்ளே உட்காரவிட்டேன். சோதனை அறையில் மூன்றாம் ஆள் கூடாது என்பது படிக்கும்போது முதல் வாரமே சொல்லித் தரும் பாடம். மறுசோதனைக்கு வேறு பட்டியல் வேண்டும் என்பது அடுத்த பாடம். அந்தப் பட்டியலும் அலமாரியில்தான் இருந்தது. நாலு சொல்லைப் பிடிக்க முடியாதவருக்கு நாலு மாதத்துக்கு முந்தைய பட்டியலா நினைவிருக்கப் போகிறது என்ற அலட்சியத்தில் அதை நான் எடுக்கவில்லை.

இப்போது எடுத்தேன். புதுச் சொற்களை வாசித்தேன். மூன்று சொன்னார். ஐந்தாவது வாசிப்பிலும் நான்குதான். நடுவில் 'சாவி, பாலம்' வேறு வந்து நுழைந்துகொண்டது. அவருக்கு வியர்த்துவிட்டது.

"வீட்ல நல்லா வந்துச்சே மேடம்," என்றார், பாவம்.

மனைவியை உள்ளே கூப்பிட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை.

"குளிக்கறப்ப ஒரு தடவ, சாப்பிடறப்ப ஒரு தடவ, படுக்கறப்ப ஒரு தடவ. மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி எழுதி வச்சிருந்தேன். ஏமாத்தணும்னு இல்ல மேடம். இது வந்துட்டா தல சரியாயிடும்னு நெனச்சேன்."

நாலு மாதம். இப்படியா ஒருத்தி பாடுபடுவாள்? அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டு வாங்க வேண்டியவள் நான்.

"அந்தக் கிரேனுக்குக் கீழ இருபது பேர் வேல செய்யறாங்கம்மா."

"தெரியும். எந்தம்பியும் அங்கதான் இருக்கான்."

'தகுதியில்லை' என்று எழுதினேன். என் தவறையும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரிடம் விஷயத்தை நிதானமாக, இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. குழந்தை மாதிரி விம்மி அழுதார். மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, என் மேசையைப் பார்த்தாள்.

"அந்தப் புது லிஸ்ட்டக் குடுங்களேன் மேடம்."

"முடியாதும்மா."

பட்டியலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு அவரைக் கைத்தாங்கலாக வாசல் வரை கூட்டிப் போனாள். கதவருகே அவர் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது.

"அப்ப திங்கக்கெழம வேலைக்குப் போலாம்ல மேடம்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் செருப்பை நேராக்கி வைத்தாள்.

"போலாங்க," என்றாள். "மொதல்ல செருப்பப் போடுங்க."