மதுவிலக்கு மன்றத் தலைவரின் ஈரல்

ஒழுக்கம் என்ற ஒன்று ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் நடமாடுகிறதென்றால் அது மதுவிலக்கு மன்றத் தலைவர் குணசேகரன்தான். இதை அவரே எல்லாக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறார்.

தொண்ணூற்றாறாம் வருடம் பாக்டரி செக்கப்பில் ஸ்கேன் பார்த்த டாக்டர், "ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. ஆரம்பம்தான். எண்ணெய், இனிப்பைக் குறைச்சு தினமும் நடங்க, சரியாயிடும்" என்றார்.

குணசேகரனுக்குப் பயம்கூட வரவில்லை. யாருக்கோ வந்ததைப் போல வீட்டில் சொன்னார்.

மனைவி பஞ்சவர்ணம் முறைத்தாள். "ஈரலா? யோவ், ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நீ திருட்டுத்தனமா ஊத்திக்கினு கீறியா?"

"சத்தியமா ஒரு சொட்டு இல்லடி."

"அப்போ இன்னாத்த துன்னே?"

குடியை விடுகிறவர்களுக்குக் கொடுக்க மன்றம் வாராவாரம் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கியது. எட்டு வருடமாக ஒருவரும் விடவில்லை. அவ்வளவையும் அவரே தின்றிருந்தார்.