மூக்கு நுனியில் சேறு

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்திலிருந்து பிறந்தது. எங்கள் பறவைக் கணக்கெடுப்புத் தாளில் ‘கூடப் பார்த்தவர்’ என்றொரு கட்டம் உண்டு. அரிய பறவை என்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். தாள் என் முன்னால் இருக்கிறது. கட்டத்தில் என் பெயர் இல்லை. இன்னும் இல்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: “சனிக்கிழமை, காட்டில் இலைகளின் மேல் பனித்துளி—”

வேண்டாம். காட்டில் அட்டை கடித்தது, இருவாச்சி கத்தியது, எழுதிக்கொண்டோம். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. அங்கே கதை இல்லை.

இரண்டாவது முயற்சி: ஞாயிறு காலை ஏழு மணி. கழிமுகத்தில் நீர் வற்றிய நேரம். சேற்றில் முந்நூறு உள்ளான் பறவைகள், ஒவ்வொன்றும் கைக்குள் அடங்கும் அளவு. எங்கள் குழுவின் லிஜி என் முழங்கையை இடித்தாள்.

“பினீஷேட்டா, அந்த மூணாவதப் பாரு. மூக்கு நுனி கரண்டி மாதிரி இல்ல?”

நான் தொலைநோக்கியில் கண் வைப்பதற்குள் கூட்டம் எழும்பிவிட்டது. (இரவு வேலையை விட்டு மூன்று வாரம் ஆகிறது. இன்னும் காலை ஏழு மணிக்கு என் கண் தானாக மூடும்.)

3

லிஜியை நம்பும்படி எழுத முடியவில்லை. அந்தச் சேற்றில்தான் அவள் அப்பா கக்காச் சிப்பி வாருகிறார். அதைத் தூர்த்துப் படகுத்துறை கட்டப்போகிறார்கள். செவ்வாயன்று கருத்துக்கேட்பு. கரண்டிமூக்கு உள்ளான் உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். அது பட்டியலில் ஏறினால் வேலை நிற்கக்கூடும். வேண்டிய இடத்தில், வேண்டிய வாரத்தில், வேண்டிய பறவை. கதையில் இப்படி வந்தால் சிரிப்பீர்கள். நடந்தது என்று சொன்னால் மட்டும் எதற்கு நம்ப வேண்டும்?

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: சாதாரண உள்ளானின் மூக்கு நுனியில் சேறு ஒட்டினாலும் கரண்டிதான். பழகியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்.)

4

மதியம் சாப்பாட்டுக்கடையில் கப்பைக் கிழங்கும் மத்திக் கறியும். குழுவை நடத்தும் அஷ்ரஃபிக்கா பட்டியலை உரக்க வாசித்தார்.

“கரண்டிமூக்கு உள்ளான். பார்த்தது லிஜி. கூட யாரு?”

அவர் தாளிலிருந்து நிமிர்ந்து லிஜியைப் பார்த்தார்.

“மோளே, அது சேறு. மூக்கத் தொடச்சுட்டு வான்னு சொல்லியிருக்கலாம்ல?”

மேசையே சிரித்தது.

“போன வருஷம் இக்கா பார்த்த கழுகு பட்டமாப் போச்சே,” என்றாள் லிஜி. “அதுக்கு ரெண்டு சாட்சி இருந்துச்சு.”

இக்கா முள்ளைத் தட்டோரம் வைத்தார். “டேய் பினீஷ், நீதானே பக்கத்துல நின்ன. பார்த்தியா?”

லிஜி என் பக்கம் திரும்பவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன். கெஞ்சியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

“யோசிச்சுச் சொல்றேன் இக்கா.”

“பார்த்ததுக்கு எதுக்குடா யோசன?” தாளை என் சட்டைப் பையில் செருகினார். “நாளைக்குக் காலையில அனுப்பணும்.”

5

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறேன். சேறு பிழைக்கிறது. எதனால், பறவையாலா என் பொய்யாலா என்று—

முடிவு ஆ: போடவில்லை. மண் லாரிகள் வருகின்றன. லிஜி சொன்னது உண்மையாக இருந்தால்—

இன்னொரு வரி உண்டு: “கூட்டம் எழும்பியபோது ஒன்றின் மூக்கு நுனி அகலமாகத் தெரிந்தது.” நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். நல்ல வரிதான். ஆனால் முதல் வரைவில் அது இல்லை. லிஜியின் அப்பாவைப் பற்றி எழுதிய பிறகுதான் வந்தது.

இரண்டாம் பிரிவுக்குத் திரும்பிப் போங்கள். லிஜி இடித்தபோது நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். உங்களுக்குத் தூக்கக் கலக்கம் இல்லை, அந்தக் கரையில் அப்பாவும் இல்லை. மூன்றாவது பறவை. பார்த்திருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

கூடப் பார்த்தவர்: ____________