வட்டத்துக்கு ஒரு வால்

…ஒரு வட்டம், அதன் தலையில் பிறை மாதிரி கொம்பு, அவ்வளவுதானே, இதற்கா நான்கு தாளைக் கிழித்தேன், நான்கிலும் கத்தரிக்காய்தான் வந்தது, எங்கள் மயிலைப் பசுவின் தொடையில் இருக்கும் சூட்டுக்குறி வரவில்லை, கடைசியில் சுடலையம்மாள் பேனாவைப் பிடுங்கி, காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்றே இழுப்பு, முடிந்தது… கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம், என் பெண்டாட்டிக்கு வரையத் தெரியும் என்று எனக்கே தெரியாமல் போயிற்றே? வத்திராயிருப்பு பஸ்ஸில் மடியில் விரித்து விரித்துப் பார்க்கிறேன், கண் இல்லை, மூக்கு இல்லை, வட்டத்துக்கு அடியில் ஒரு வால் வேறு, ஆனாலும் மாடு நிற்கிறது, தலைகீழாகத் திருப்பினால் ஒற்றை முடியோடு காலை அகட்டி நிற்கும் ஆள், சிரிப்பு வருகிறது, பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து எந்தக் கட்சிச் சின்னம் என்று கேட்கிறார். சிரிக்கிற நேரமா இது, மேயப் போன மாடு யார் மந்தையோடோ சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நடந்துவிட்டது, மந்தைக்காரர் இருளப்பசாமி பிடித்துக் கட்டியிருக்கிறார், எங்கள் கான்சாபுரத்துக்காரர் ஒருவரும் தன் மாடு என்று வந்து நிற்கிறாராம், சரியான அடையாளம் காட்டுகிறவருக்குத்தான் அவிழ்ப்பாராம், போனில் இருப்பதெல்லாம் மாட்டின் முகம்தான், தொடையை யார் போட்டோ எடுப்பார்?

போய் நின்றால் மயிலை என்னைப் பார்த்தது, அந்த ஆளையும் அதே மாதிரி பார்த்தது, வைக்கோல் தின்றது, நன்றி கெட்ட மாடு… ஊருக்கே ஒரே சூட்டுக்கோல், அவர் மாட்டுக்கும் இதே வட்டம், இதே கொம்பு, மண்ணில் குச்சியால் கீறியே காட்டிவிட்டார், நான் தாளை நீட்டினேன். இருளப்பசாமி அதைத் தொடையோடு வைத்துப் பார்த்தார், நான் வரைந்த நான்கிலும் விட்டுவிட்ட அந்த வாலில் விரலை வைத்தார், மாட்டிலும் அதே இடத்தில் அதே வால்.

"இது ஒங்க மாடுதான். இந்த வாலு எப்படி வந்துச்சு?"

"சூடு போடையில துள்ளிருச்சுண்ணே."

நான்கு வருடமாக எல்லோரிடமும் சொல்வதுதான்… மாட்டை லோடு ஆட்டோவில் ஏற்றியாயிற்று, மனசு நிறைந்திருக்கிறது, சும்மா இருக்காமல் மறுபடி தாளை விரித்தேன், துள்ளியிருந்தால் ஒரே இழுப்பாக அல்லவா இழுத்திருக்கும், இது நெளிந்து நெளிந்து இறங்குகிறது, மாடு அன்றைக்கு அசையவே இல்லை, என் கைதான் நடுங்கியது, கண்ணைக்கூட மூடிக்கொண்டேன், பக்கத்தில் யாரும் இல்லை, சுடலையம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள், ஆனால் தினமும் அந்தத் தொடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பால் கறப்பவள் அவள்தானே, ஒரு நெளிவு விடாமல் போட்டிருக்கிறாள்… வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது, வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் துள்ளின கதையைச் சொல்லும்போதெல்லாம், காபியை நீட்டியபடி, "ஆமா, பொல்லாத மாடு" என்று கூடச் சேர்ந்து சொல்வாளே, அதெல்லாம் தெரிந்துதான் சொன்னாளா?