படகில் இருந்தவர்

எங்கள் தீவு நாட்டு விடுதலையின் இருபத்தைந்தாம் ஆண்டுக்காகத் தலைநகர் ஆப்பியாவின் வானொலி நிலையத்தில் இரண்டு பெரியவர்களை உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். ஃபுவாதியாவும் சேயாலியும் அரசியலமைப்பு மாநாட்டில் ஒன்றாக இருந்தவர்கள். ஃபுவாதியா, ஊர்ச்சபைகளில் எழுந்து பேசும் உரிமை தரும் பேச்சாளர் பட்டம் உடையவர். பிற்பாடு மந்திரியும் ஆனார். சேயாலி அதிகம் பேசமாட்டார்.

ஃபுவாதியா வருஷா வருஷம் சொல்வதையே அன்றும் சொன்னார். பொதுவாக்கெடுப்புக்கு முன்பு இருவரும் சவாயீ தீவில் ஊர் ஊராகப் போனார்கள். வாய்மாலு ஊர் மட்டும் சுதந்திரமே வேண்டாம் என்று முரண்டு பிடித்தது. தன் பேச்சைக் கேட்டதும் அந்த ஊரும் மனம் மாறியது என்று முடித்தார்.

அறிவிப்பாளர் பெண் சேயாலியின் பக்கம் திரும்பி, அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டாள்.

"நானா? படகுல இருந்தேம்மா. அலை ஜாஸ்தி. யாராவது ஒருத்தர் பாத்துக்கணுமில்ல."



உண்மையில் படகில் இருந்தவர் ஃபுவாதியாதான். எங்களில் ஊர்ச்சபையில் பேச எழுகிறவர், முதலில் அந்த ஊர்க் குடும்பங்களின் பட்டங்களை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்லி வணங்க வேண்டும். வாய்மாலுவில் ஃபுவாதியா ஒரு குடும்பத்தை விட்டுவிட்டார். விட்டால், அப்படி ஒரு குடும்பமே இல்லை என்று சொன்னதாக ஆகும். உங்கள் சுதந்திரத்திலும் எங்களை இப்படித்தான் விட்டுவிடுவீர்களோ என்று கேட்டு, சபையைக் கலைத்துவிட்டார்கள். மறுநாள் விடியும்போது அவர் படகில் போர்வைக்குள் முடங்கிக் கிடந்தார். சேயாலிதான், மன்னிப்புக் கேட்கும் எங்கள் வழக்கப்படி, தன் குடும்பம் பொக்கிஷமாகக் காத்த மெல்லிய நுண்பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, விடுபட்ட குடும்பத்தின் வீட்டு முன்னால் மண்ணில் குனிந்து உட்கார்ந்தார். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து பாயை எடுத்தார்; எடுத்தால் மன்னித்ததாக அர்த்தம். ஊர் மனம் மாறியது அதற்கப்புறம்.

நிலையத்துக்கு வெளியே வந்ததும் ஃபுவாதியா கேட்டார்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்றது? நாடே கேட்டுக்கிட்டிருக்கு. நீ மந்திரியா இருந்தவன்."

சேயாலி சிரித்தபடியே பஸ் ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று ஃபுவாதியா வீட்டில் புலம்பினார்.

அந்த வாரமே வீட்டிலிருந்த நல்ல பாயை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். இந்த வயதில் எதற்கு என்று மருமகள் தடுத்தும் கேட்கவில்லை. விடியற்காலையில் வாய்மாலுவில் அந்தக் குடும்பத்து வீட்டின் முன்னால் பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். கால் மடங்கி ஒரு நிலைக்கு வருவதற்குள் யாரோ பாயைத் தூக்கிவிட்டார்கள். லுபே என்ற பெண்மணி. இப்போது அந்தக் குடும்பத்தின் பட்டம் அவளிடம் இருக்கிறது.

உள்ளே அழைத்துப்போய்ச் சூடாகக் கொக்கோ கொடுத்தார்கள். சுவரில்லாத வீடு, அக்கம்பக்கத்தாரும் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஃபுவாதியா எதையும் மறைக்காமல் சொன்னார். விட்டது என் வாய், வெயிலில் உட்கார்ந்தது சேயாலி, இத்தனை வருஷமும் பேர் வாங்கியது நான் என்றார். யாருடைய முகத்திலும் ஆச்சரியமில்லை. பின்வரிசையில் ஒருவன் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"தெரியும் ஐயா," என்றாள் லுபே. "ஒவ்வொரு வருசமும் நீங்க ரேடியோவுல பேசறப்ப எல்லாரும் இங்கதான் கூடுவோம். இந்தத் தடவையாவது சொல்லுவாரான்னு பந்தயம்கூடக் கட்டுவாங்க."

"அப்ப ஏன் யாரும் வாயே தொறக்கல?"

"சேயாலி ஐயா அன்னைக்கே கேட்டுக்கிட்டாரு. பேச்சுதான் அவனுக்கு எல்லாம், அதப் பறிச்சிடாதீங்கன்னு. அவர் பேச்ச நாங்க தட்டல."

ஃபுவாதியா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கொண்டுவந்த பாயை மடித்து ஓரமாக வைத்திருந்தார்கள். அதை இத்தனை சீக்கிரம் எடுத்திருக்க வேண்டாம் என்று அவருக்குப் பட்டது. அந்தப் பாய்க்குள் முகத்தை மறைத்துக்கொள்ளவாவது இடம் இருந்தது.